கருவாட்டுப் பேயும் ஐஸ்பொட்டி பாட்டும்

பேய்ப் படம் பாத்துப் பயந்தவங்க ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பாங்க. பேய் பாடற பாட்டைக் கேட்டு, 'ஐயோ, இது என் பாட்டாச்சே'ன்னு பதறினவன் நம்ம நெம்மேலி எழில் ஒருத்தனாத்தான் இருப்பான்.

நடந்தது நாவலூர்ல, ஒரு கட்டடத்து மொட்டை மாடியில. சாயங்காலமா வெள்ளைத்துணிய இழுத்துக் கட்டி 'கருவாட்டுப் பேய்' படம் போட்டாங்க. அந்தப் படத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். ஆதித்யான்னு ஒரு பையன் கம்ப்யூட்டர் வேலைய உதறிட்டு, ஓட்டைக் கேமராவும் கூட்டாளிங்க நாலு பேருமா சேந்து எடுத்தது. எந்தத் தியேட்டர்காரனும் சீந்தல. யூடியூப்ல போட்டான், அங்கயும் ஈ ஓட்டுச்சு. அப்புறம் எவனோ அதுலேர்ந்து ஒரு துண்டை வெட்டி ரீல்ஸ்ல போட, பத்திகிச்சு. இப்போ அதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. வசனத்தைப் படத்துக்கு முன்னாடியே கத்தறாங்க. பேய் வந்தா எல்லாரும் எழுந்து நின்னு கருவாட்டை ஆட்டணும், அது சம்பிரதாயம். ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கற புள்ளைங்க லேப்டாப் பையில நெத்திலிக் கருவாட்டைக் கவர்ல சுத்தி எடுத்துகினு வருதுங்கன்னா பாத்துக்குங்களேன்!

படத்துக்கு முன்னாடி பாடறதுக்கு எழிலோட பேண்டைக் கூப்ட்டிருந்தாங்க. பேண்டுன்னா ரெண்டே பேரு. எழில் கிடார் வாசிச்சுப் பாடுவான். அவன் கூட்டாளி, செய்யூர்க்காரன் பூவராகவன், பேஸ் கிடார் வாசிப்பான், ரெக்கார்டிங்கும் அவன்தான். பேண்டுக்குப் பேரு ஐஸ்பொட்டி. அந்தப் பேருக்கு ஒரு காரணம் உண்டு. எழிலோட அம்மா ரத்னாவுக்கு மீன் யாவாரம். விக்காத மீனைப் போட்டு வைக்க வூட்டுக்குள்ள ஒரு பழைய ஃப்ரீசர். ராப்பகலா 'ம்ம்ம்'னு முனகிகினே இருக்கும். ரெக்கார்டிங்னு சொல்லி அதை நிறுத்தினா மீன் நாறிப் போவும், ரத்னா தொடப்பத்தைத் தூக்கும். "நிறுத்தக் கூடாதுன்னா அதுக்கே சுதி சேத்துக்கலாம் மச்சான்"னு பூவராகவன்தான் வழி சொன்னான். அன்னியிலேர்ந்து கிடாருக்கு ஊரு ஒலகத்துச் சுதி கிடையாது. ஃப்ரீசர் எதுல முனகுதோ அதான் சுதி. அதனால அவங்க பாட்டெல்லாம் மத்தவங்க பாட்டுக்கு ஒரு மயிரிழை கீழதான் நிக்கும்.

அன்னிக்கு மூணு பாட்டு பாடினாங்க. நல்ல கைதட்டல். ஆனா கையில இருக்கறதுலயே ஒசத்தியான பாட்டை எடுக்கல. அதுக்கு 'வெள்ளாப்பு'ன்னு பேரு, விடிகாலைன்னு அர்த்தம். ஆல்பம் வெளிய வரும்போது முதல் பாட்டா அதான் வரணும்னு ரெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தாங்க. எழில் மறைமலைநகர்ல கம்பெனிக்குப் போய் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து, கண்ணு எரிய எரிய உக்காந்து போட்ட பாட்டு அது. எழிலையும் பூவராகவனையும் தவிர ஒரு ஈ காக்கா கேட்டதில்லன்னு எழிலுக்கு நெனப்பு.

பாடி முடிச்சதும் எழில் கெளம்பப் பாத்தான். அந்தப் படத்தை அவன் பாத்ததில்ல, பாக்கவும் மாட்டேன்னு இருந்தான். போஸ்டர் வந்த அன்னிக்கே வூட்டுல குதிச்சான். "கருவாட்டுப் பேயாம்! நம்ம ஜனத்தைப் பாத்தா இவனுங்களுக்கு நாத்தம் மட்டுந்தான் தெரியுது. இதுல எவளாவது நடிச்சிருந்தா அவளைச் சொல்லணும்"னு ஒரு ஆட்டம். இப்போ ஒயரெல்லாம் சுத்தி முடிக்கறதுக்குள்ள படத்தைப் போட்டுட்டாங்க. மாடிப்படியில கூட்டம், எறங்க வழியில்ல. சரி, தொலையுதுன்னு நின்னான்.

பேய் வந்துச்சு. வெள்ளைப் புடவை, மூஞ்சி தெரியாம முடி, கழுத்துல கருவாட்டு மாலை. வந்து, குடத்துக்குள்ள வாயை வெச்சுப் பாடற மாதிரி ஒரு கம்மின குரல்ல முனகுச்சு. ம்ம்... ம்ம்ஹ்ம்...

வெள்ளாப்பு! அச்சு அசலா வெள்ளாப்பு.

எழிலுக்குப் பகீர்னுச்சு. அது போதாதுன்னு மாடி முழுக்க இருந்த ஜனம் கருவாட்டை ஆட்டிகினே கூடச் சேந்து முனக ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷம் பொத்தி வெச்ச பாட்டு ஊருக்கே மனப்பாடம்! இனிமே அதை வெளிய வுட்டா இன்னா சொல்வானுங்க? பேய்ப் பாட்டைச் சுட்டுட்டான்னு காறித் துப்புவானுங்க. தான் பெத்த புள்ளைய தானே திருடினவன்னு பேரு வாங்கறதை விட ஒரு கேவலம் உண்டா?

திரும்பிப் பூவராகவனைப் பாத்தான். அவன் திரையையும் பாக்கல, எழிலையும் பாக்கல. தன் செருப்பைப் பாத்துகினு நின்னான். அந்தப் படத்துக்குச் சவுண்டு ரெக்கார்டிங் பண்ணவன் யாருன்னு நெனைக்கறீங்க? சாட்சாத் அவனேதான்.

திரும்பி வரும்போது பூவராகவன்தான் வண்டிய ஓட்டினான், கோவளம் தாண்டியாச்சு. அப்புறம் எழில் மெதுவா ஆழம் பாத்தான்.

"இன்னா மச்சான், அந்தப் பேய் பாடுச்சே, எங்கியோ கேட்ட மாரி இல்ல?"

"பேய்க்கு இன்னாடா பாட்டு... எல்லாம் ஒரே மாரிதான் கீது"ன்னான் பூவராகவன். சொல்லிட்டுத் தேவையே இல்லாம ஆரனை அடிச்சான்.

பச்சைப் பொய். சுதி தப்பினா தூக்கத்துலயும் எழுந்து உக்காரறவன், வெள்ளாப்பு காதுல வுழுந்தா தெரியாதுன்றான்!

மறுநாள் காதுல ஹெட்போனை மாட்டிகினு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான். முனகலுக்கு அடியில இன்னொரு முனகல் இருந்துச்சு. கிடாரை எடுத்து ஒரு கம்பிய மீட்டினான். ஃப்ரீசர் சுதிக்கு வெச்ச கம்பி அந்த முனகலோட ஒட்டிகினு நின்னுச்சு. அதே நேரம் அடுக்களைப் பக்கம் இருந்த ஃப்ரீசர் 'டக்'னு நின்னு மறுபடி ஓட ஆரம்பிச்சுது. படத்துலயும் அதே 'டக்'. ஆக, இந்தப் பாட்டு இந்த வூட்டுலயே பதிவானது. இந்த வூட்டுக்குள்ள மைக்கைத் தூக்கிகினு வரவன் ஒருத்தன்தான். படம் எடுத்த சமயத்துல எழில் கம்பெனி ட்ரெயினிங்னு ஒசூர் போயிருந்தான். அப்போ வூட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? ரத்னா செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனா சாவி பூவராகவன்கிட்ட.

எல்லாம் கோத்த மாதிரி வந்துடுச்சு. யாரோ ஒரு பொம்பளைய இட்டாந்து, குடத்துக்குள்ள பாட வெச்சு, தன் வூட்டுலயே தன் பாட்டைத் தூக்கியிருக்கான். கூடவே இருந்து குழி பறிக்கறதுன்னா இதான்.

நேரா போய்ச் சட்டையப் புடிச்சுக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? கேக்க மாட்டான்! சந்தேகப்படறவனுக்கு அது ஒரு சுகம். சொறியச் சொறிய இனிக்கும், அப்புறந்தான் எரியும். எழில் சொறிய ஆரம்பிச்சான். அவன் உள்ள நொழைஞ்சா பூவராகவன் போனைக் கவுத்து வைக்கறான், பாத்தியா? அம்மாவும் அவனும் வாசல்ல பேசிகினு இருக்காங்க, இவனைக் கண்டதும் கப்சிப்னு ஆயிடறாங்க. பாத்தியா? அம்மாவையும் கைக்குள்ள போட்டுகினான் படவா! புது மைக் ஒண்ணு வாங்கியிருக்கான். ஏதுடா டப்பு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. இவனுக்குப் பேயோட மூஞ்சியே பூவராகவன் மூஞ்சியா தெரிஞ்சுது.

ஆல்பத்தை எழில் தள்ளிப் போட்டான். கேட்டதுக்கு "இன்னும் வேலை கீது"ன்னான். பூவராகவன் ஏன்னு கேக்கல, சரின்னு தலைய ஆட்டினான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு எழில் அதையும் கணக்குல எழுதிகினான்.

அப்பத்தான் ஆதித்யா 'கருவாட்டுப் பேய்' ரெண்டாம் பாகம் எடுக்கப் போறான்னு சேதி வந்துச்சு. மாமல்லபுரம் பக்கத்துல சவுக்குத் தோப்புல சூட்டிங். சவுண்டு மறுபடியும் பூவராகவன். எழிலுக்கு ஒரு யோசனை ஓடுச்சு. அந்த மாதிரி யோசனை பாட்டுக்காரனுக்கு மட்டுந்தான் வரும், வரவும் கூடாது. மீனைப் புடிக்க தூண்டில்ல புழுவைக் கோக்கற மாதிரி, திருடனைப் புடிக்க ஒரு பாட்டைக் கோத்தான்.

ஒரு மத்தியானத்துல உக்காந்து, காதுல ஒட்டிக்கற மாதிரி ஒரு மெட்டைப் போட்டான். மனசுல ஒண்ணும் இல்ல, சும்மா விரல் போன போக்கு. சளிக்குத் தேச்ச தைலம் மாதிரி மேலாக்கக் கமகமன்னு இருக்கும், அவ்வளவுதான். வூட்டுல நாலு தடவை பாடிப் பாத்தான். அப்புறம் பூவராகவனைக் கூப்ட்டு வாசிச்சுக் காட்டினான்.

"வெள்ளாப்பை விட இதான் மச்சான் எனக்கு உசுரு. யார்கிட்டயும் மூச்சு வுடாதே. நீ பேஸ் போடு, உன்னை நம்பித்தான் குடுக்கறேன்."

'உன்னை நம்பித்தான்'னு சொல்லும்போது நாக்கு கூசல அவனுக்கு. கூசியிருக்கணும்.

பூவராகவன் அதைச் செய்யூருக்கு எடுத்துகினு போனான். அங்க வேர்க்கடலை அறுப்பு நேரம். பகலெல்லாம் கொல்லையில வேலை, நடுவுல நடுவுல போன்ல அனுப்புவான். "இங்க எறக்கிப் பாத்தேன், கேளு." "அது வேணாம், இது கேளு." ஒவ்வொண்ணும் முந்தினதை விட நல்லா இருந்துச்சு. சொத்தையா இருந்த மெட்டுக்குக் கீழ அவன் ஒரு நடை கொண்டாந்து வெச்சான் பாருங்க, ஆள் இல்லாத வூட்டுல வெளக்கு ஏத்தின மாதிரி ஆயிடுச்சு. எழிலுக்கே ஒரு நாள் கேக்கும்போது தொண்டைய அடைச்சுது. உடனே அந்தச் சந்தேகப் புத்தி காதுக்குள்ள ஓதுச்சு. 'விக்கறதுக்குத்தான் மெருகு போடறான்.'

"எப்பிடி கீது?"ன்னு பூவராகவன் கேட்டான்.

"ஸோக்கா கீது மச்சான்"னான் எழில்.

சூட்டிங் அன்னிக்கு எழில் கம்பெனிக்கு லீவு போட்டான். கையும் களவுமாப் புடிக்கறதுன்னு முடிவு. வண்டிய ரோட்டோரம் நிறுத்திட்டு, சவுக்குத் தோப்புக்குள்ள மரத்துக்கு மரம் மறைஞ்சு மறைஞ்சு போனான். பட்டப்பகல், முகத்துல துண்டு வேற கட்டிகினு! பாக்கறவங்க அவனைத்தான் திருடன்னு நெனச்சிருப்பாங்க.

தோப்பு நடுவுல நாலஞ்சு பேர் இருந்தாங்க. ஆதித்யா கேமராவோட மல்லுக்கட்டிகினு இருந்தான். நீளக் கம்பு நுனியில மைக்கைக் கட்டித் தூக்கிப் புடிச்சுகினு பூவராகவன். குடைக்குக் கீழ பிளாஸ்டிக் சேர்ல பேய் உக்காந்து டீயில பொறையைத் தோச்சுத் தின்னுகினு இருந்துச்சு.

"இன்னா நைனா, இன்னும் எம்மா நேரம்? மாவு மூஞ்சில காஞ்சு இழுக்குது. இந்த மாலையில எவன்டா மலிவுக் கருவாட்டைக் கோத்தவன்? மாசிக்கும் சுறாவுக்கும் வித்தியாசம் தெரியல, பேய்ப் படம் எடுக்க வந்துட்டானுங்க!"

எழில் மரத்தைப் புடிச்சுகினான். அந்தக் குரலுக்குப் பொறந்ததுலேர்ந்து திட்டு வாங்கறவன் அவன். பேய் வேற யாரும் இல்ல, ரத்னா! பெத்த தாய்!

ஆதித்யா பக்கத்துல வந்து குந்தினான். "அம்மா, போன பாகத்துல பாடின பாட்டுதான் நம்மளத் தூக்கிச்சு. இதுல வேற ஒண்ணு வேணுமே. மனசுல ஏதாவது இருந்தா பாடுங்க."

"எனக்கு இன்னா தெரியும்? என் புள்ள வூட்டுல பாடறதுதான் வாயில வரும். புதுசா ஒண்ணு போட்டுகினு கீறான், கேளு"ன்னு ரத்னா டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வாய்கிட்ட வெச்சு முனக ஆரம்பிச்சுது.

தூண்டில் பாட்டு.

எழில் மூச்சைப் புடிச்சுகினு பூவராகவனைப் பாத்தான். இதோ, இப்போ மைக்கை நீட்டுவான் பாரு!

பூவராகவன் மைக்கைத் தரையில எறக்கி வெச்சான். "ரத்னாம்மா, இது வேணாம்."

"அண்ணா, அம்மாதானே பாடறாங்க? சும்மா இப்போதைக்கு எடுத்து வெச்சுக்கலாம். எடிட்டிங்ல வேற போட்டுக்கலாம்"ன்னான் ஆதித்யா.

"போன வாட்டியும் இதே வார்த்தை சொன்னே. சும்மா வெச்சுக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்னே. மாத்தினியா? வூட்டுக்குள்ள அந்தம்மா தன்னால முனகிச்சு, நீ எடுன்னே, நான் எடுத்துட்டேன். அவன் பாட்டு பூட்ச்சு. ரத்னாம்மா எல்லையம்மன் மேல சத்தியம் வாங்கிகிச்சு, பேய் யாருன்னு அவன்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு. பாட்டைப் பத்திப் பேசினா பேயைப் பத்திப் பேசணும். நான் அவன் மூஞ்சிய நேரா பாத்தே எம்மா நாளாச்சு தெரியுமா? இது அவன் உசுருன்னு சொல்லிக் குடுத்திருக்கான். இத்த நான் எடுக்க மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்க."

இத்தினி நாளா வெச்சிருந்த பாரம் ஒரே மூச்சுல எறங்கினா மனுஷனுக்குக் கிறுக்குப் புடிக்குமா புடிக்காதா? எழில் துண்டை அவுத்து வீசிட்டு மரத்து மறைவுலேர்ந்து வெளிய வந்தான். சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

அவனைப் பாத்ததும் பேய் 'ஐயோ, எழிலு!'ன்னு முடிய இழுத்து மூஞ்சிய மூடிகிச்சு. மனுஷனைக் கண்டு பயந்த மொதல் பேய் அதுதான்.

"நீ அன்னிக்கு அந்தக் குதி குதிச்சே, அதான் சொல்லல"ன்னு முடிக்குள்ளேர்ந்தே பேசுச்சு. "நீ ஒசூர் போயிருந்தப்போ படம் எடுக்க நம்ம வூட்டாண்ட வந்தானுங்க. நடிக்க வந்த பொண்ணு மீன் வாடைக்கு வாந்தி எடுத்துட்டு ஓடிப்பூட்ச்சு. நான் நிக்கறேன்னு நின்னேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு நைனா. கூடைய எறக்கிட்டு ஒரு நாளாச்சும் ஜனம் என்னைப் பாத்துக் கை தட்டுது. இன்னா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லம்மா"ன்னு அவன் அம்மா தோளைப் புடிச்சான். மாவு அவன் சட்டையெல்லாம் ஒட்டிகிச்சு. அப்படியே சந்தோஷத்துல பூவராகவன் பக்கம் திரும்பினான். திரும்பினவன் வாயை மூடிகினு இருந்திருக்கலாம். நல்லது பண்றோம்னு நெனச்சுத் திறந்தான்.

"மச்சான், வுடு, பாடட்டும், எடுத்துக்க. அது பாட்டே இல்லடா. நீதான் வெள்ளாப்பைக் குடுத்தேன்னு நெனச்சு, உன்னைப் புடிக்கறதுக்காக சும்மா ஒரு மெட்டைப் போட்டேன். தூண்டில்டா அது!"

சொல்லிட்டு சிரிச்சான். வேற யாரும் சிரிக்கல.

"இன்னா?"ன்னான் பூவராகவன்.

"தப்புதான் மச்சான். என்னை அடிச்சுக்கூட போடு."

"அதுக்கு நான் பேஸ் போட்டேனேடா."

எழில் சட்டையில ஒட்டின மாவைத் தட்டினான்.

"கடலை ஆஞ்சுகினே யோசிச்சு, வரப்புல குந்தி உனக்கு அனுப்பினேன். எப்பிடி கீதுன்னு கேட்டேன். ஸோக்கா கீதுன்னே."

"ஸோக்காதான்டா இருந்துச்சு. நெஜமா. கேட்டு எனக்குத் தொண்டைய அடைச்சுது."

"அடைச்சுதுல்ல? அப்போ மனசுல இன்னா நெனச்சே?"

விக்கறதுக்கு மெருகு போடறான்னு நெனச்சேன்னு எப்படிச் சொல்றது? எழில் தலையக் குனிஞ்சுகினான். அந்தக் குனிஞ்ச தலையே பதிலா போச்சு. பூவராகவன் முகம் கோவத்துல செவக்கல, சுருங்குச்சு. தரையில கிடந்த மைக்கைக் குனிஞ்சு எடுத்து மணலை ஊதித் தட்டினான்.

"பாடுங்க ரத்னாம்மா. பொய்ப் பாட்டுதானே, யாரு எடுத்தா இன்னா"ன்னு ஹெட்போனை மாட்டிகினான்.

"எனக்கு வேணாம்ப்பா"ன்னு ரத்னா குடத்தைத் தள்ளி வெச்சுது. "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல சரியாவுங்க."

"சரியாத்தான் கீறோம். பாடுங்க. நேரம் போவுது."

ரத்னா பாடுச்சு. தோப்புல காத்து அடிச்சுகினே இருந்துச்சு. பூவராகவன் கம்பை அசையாமப் புடிச்சுகினு நின்னான், கண்ணு சவுண்டு மீட்டர் மேலயே இருந்துச்சு. தன்னோட பொய்யை தன் அம்மா வாயால கேட்டுகினு எழில் அங்கயே நின்னான். ஓடிப் போகவும் முடியல. காலடிச் சத்தம் ரெக்கார்டுல வுழுந்துடும்.

முடிஞ்சதும் ஆதித்யா மெதுவா கேட்டான். "டைட்டில்ல பாட்டுக்கு யார் பேரைப் போடட்டும்?"

"பூவராகவன் பேரைப் போடு"ன்னான் எழில்.

"எதுக்கு? நான் வாசிச்சது இதுல எங்க கீது? அவன் பேரையே போடு. அப்படியே வெள்ளாப்புக்கும் அவன் பேரை யூடியூப்ல போட்டுடு, சண்டை இல்லாம இருக்கும்"னு பூவராகவன் ஒயரைத் தோளுக்கும் கைக்குமா சுத்த ஆரம்பிச்சான்.

எழில் கூடவே நடந்தான். "ஞாயித்துக்கெழம வருவல்ல? ஆல்பத்தை முடிச்சுடலாம்டா. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"மன்னிச்சுட்டேன். வரேன், ஆல்பத்துக்குப் பேசி வெச்ச பாட்டெல்லாம் வாசிச்சுத் தரேன்"னான் பூவராகவன். பொட்டிய மூடி வண்டியில கட்டினான். கட்டி முடிச்சுட்டுத்தான் அவனை நேரா பாத்தான், நாவலூர் மாடிக்கு அப்புறம் முதல் தடவையா.

"ஆனா புதுசா மெட்டு எதுவும் எங்கிட்ட குடுக்காதடா. எது பாட்டு, எது தூண்டில்னு எனக்குப் பாக்கத் தெரியல."